செய்முறையில் விடுபட்ட வாளி

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
9 ஆகஸ்டு 1993

தங்கமணி அக்காவுக்கு,

போனில் பேசினால் நீங்களும் கத்துகிறீர்கள், நானும் கத்துகிறேன். நேற்று நீங்கள் பாதியில் போனை வைத்ததும் அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "பிள்ளை, ஆரோடை இப்பிடிச் சண்டை பிடிக்கிறாய்?" என்று கேட்டார். ஆகவே எழுதுகிறேன். காகிதத்தில் குரல் கேட்காது.

விஷயத்தைச் சொல்கிறேன். நீங்கள் கிள்ளானுக்குக் கையுறைத் தொழிற்சாலை வேலைக்குப் போய் எட்டு மாதமாகிறது. போவதற்கு முன் எங்கள் லேப்பில் என் முதுகலை ஆய்வுக்காக ஏழு குப்பி கறுப்புப் பொடி செய்து கொடுத்தீர்கள். இரும்பு ஆக்சைடு. ஒரு மில்லிமீட்டரை லட்சம் துண்டாக வெட்டினால் வருகிற அளவு துகள்கள். இவ்வளவு பொடிசாகப் போனால் இரும்பு ஆக்சைடின் காந்தம் குறையும் என்பது எல்லாருக்கும் தெரியும். கிராமுக்கு ஐம்பத்தெட்டு, அறுபது வந்தால் சரி. உங்கள் முதல் குப்பியில் எழுபத்தாறு வந்தது. என் ஆய்வேடே அந்த எழுபத்தாறின் மேல்தான் நிற்கிறது.

வெளியிலிருந்து வந்த பரீட்சகர் அதை நம்பவில்லை. "டிசம்பர் பத்தாம் தேதி வாய்மொழித் தேர்வுக்குள் மறுபடி செய்து காட்டு" என்று எழுதிவிட்டார். உங்கள் நோட்டில் உள்ளபடியே நான் நான்கு முறை செய்துவிட்டேன். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. என் ஆய்வு வழிகாட்டி டாக்டர் ராதாகிருஷ்ணன் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டார். "அந்தப் பொடியில் யாராவது எதையாவது கலந்தார்களா?" என்று மட்டும் கேட்டார்.

அதையேதான் நானும் கேட்கிறேன். கடையில் விற்கிற காந்தத் தூளை, என்னைச் சந்தோஷப்படுத்த என்று ஒரு சிட்டிகை போட்டீர்களா? போட்டிருந்தால் சொல்லிவிடுங்கள். டிசம்பரில் செய்து காட்ட முடியாவிட்டால் பட்டம் போகும். அதைவிட மோசம், எண்ணை ஜோடித்தவள் என்ற பெயர் என் பின்னாலேயே வரும்.

குணபூசணி

*

கிள்ளான்
14 ஆகஸ்டு 1993

குணா,

பால்காரியிடம் "எவ்வளவு தண்ணி ஊத்துனே" என்று கேட்கிற மாதிரி கேட்டுவிட்டாய். சபாஷ்.

பதினோரு வருஷம் அந்த லேப்பில் இருந்தேன். எத்தனை பேருக்குப் பொடி செய்து கொடுத்திருப்பேன்? ஒருத்தராவது இப்படிக் கேட்டதுண்டா? அப்பா ரயில்வேயில் பாய்ன்ட்ஸ்மேனாக இருந்தவர். தண்டவாளத்தை மாற்றிவிட்டு, கையால் ஆட்டிப் பார்த்து, பிறகு இன்னொரு தடவையும் பார்ப்பார். அவர் மகள் நான். எதை ஊற்றினாலும் இரண்டு தடவை அளப்பேன். உனக்குத் தெரியாதா? பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலிப் பொரியல் தின்றுகொண்டு பார்த்தவள்தானே நீ!

உன் ஆய்வேட்டை நானும் பார்த்தேன். நன்றிப் பக்கத்தில் டைப் அடித்தவருக்கு அடுத்த வரியில் "திருமதி தங்கமணியின் உதவிக்கும்" என்று போட்டிருந்தாய். அந்த "உம்" என்னைப் போட்டு எரித்தது. அதை அன்றைக்குச் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன்.

செய்ததை அன்றன்றைக்கே நோட்டில் எழுதி வைத்தேன். அதைச் சிவப்புப் பேனாவால் திருத்தியது யார்? மகாராணி நீதான். உன் திருத்தத்தைப் படித்து நீயே செய்துகொள்.

இனி இதைப் பற்றி எனக்கு எழுதாதே.

தங்கமணி

*

பிரிக்பீல்ட்ஸ்
28 ஆகஸ்டு 1993

தங்கமணி அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

காந்தத் தூள் என்று எழுதியது தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பழைய பொடியை எக்ஸ்-ரேயில் மறுபடி வைத்துப் பார்த்தேன். தனியாகத் தூள் கலந்திருந்தால் அதற்கென்று தனிக் கோடுகள் வரும். வரவில்லை. இரும்பு ஆக்சைடின் கோடுகள் மட்டும்தான். ஆனால் எல்லாக் கோடுகளும் இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒரு மயிரிழை இடப்பக்கம் தள்ளி நிற்கின்றன. அப்படியென்றால் துகளின் உள்ளே அணுக்களின் அடுக்கு கொஞ்சம் உப்பியிருக்கிறது என்று அர்த்தம். வேறு ஏதோ ஓர் உலோகம் இரும்பின் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. வெளியே கலக்கவில்லை, உள்ளேயே குடியேறிவிட்டது. நான் இப்போது செய்த பொடியில் அந்த நகர்வு இல்லை.

இதில் வெட்கப்படவேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த நகர்வை இரண்டு வருஷத்துக்கு முன்பே பார்த்தேன். பொடியைத் தட்டில் கொஞ்சம் தாழ்வாக வைத்துவிட்டேன் போல என்று நினைத்து, கோடுகளை நேராக்கி வரைந்துவிட்டேன்.

இன்னொன்று. உங்கள் ஏழு குப்பியும் ஒன்றுபோல இல்லை. முதலாவது எழுபத்தாறு. பிறகு குறைந்துகொண்டே வந்து ஏழாவது அறுபத்தைந்து. போகப் போக உங்களுக்கு அலுத்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் ஏதோ ஒன்று உள்ளே போயிருக்கிறது, அக்கா. பாத்திரமா, தண்ணீரா, கரண்டியா? நினைத்துப் பாருங்கள். என்னிடம் கோபமாகவே இருந்துகொண்டு நினைத்துப் பாருங்கள், பரவாயில்லை.

குணபூசணி

*

கிள்ளான்
3 அக்டோபர் 1993

குணா,

ஒரு மாதம் உனக்குப் பதில் போடாமல் இருந்தது கோபத்தால். கடைசி மூன்று நாள் போடாமல் இருந்தது பயத்தால். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை இங்கே ஒரு கூத்து. கையுறை அச்சுகளைக் கழுவ காஸ்டிக் சோடா கரைசல் வைத்திருப்போம். பங்களாதேஷிலிருந்து புதிதாக வந்தவர் அதை ஒரு தகர வாளியில் பிடித்து வைத்துவிட்டார். எங்கள் மேற்பார்வையாளர் வேலாயுதம் அதைப் பார்த்துவிட்டுக் குதித்தாரே ஒரு குதி! "என்னா லா இது! ஜிங்க் பால்டியில யாரு காஸ்டிக் ஊத்தச் சொன்னா? ஜிங்க்க அப்படியே தின்னுப்புடும்! பிளாஸ்டிக் எடு, பிளாஸ்டிக்!" நான் எட்டிப் பார்த்தேன். வாளிக்குள் நுரைநுரையாகக் குமிழ் வந்துகொண்டிருந்தது.

அந்தக் குமிழை நான் பார்த்திருக்கிறேன், குணா. உன் பொடிக்கு சோடா கரைக்கும்போது பார்த்திருக்கிறேன்.

லேப்பில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விட்டுப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். புதுசு கேட்டு ஃபாரம் பூர்த்தி செய்து அனுப்பினோம். மூன்று மாதம் அசையவில்லை. உனக்கோ அவசரம். இங்கே கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் பூக்கடை வைத்திருக்கும் என் நாத்தனார் தனலெட்சுமியிடம் கேட்டு ஒரு தகர வாளி கொண்டுவந்தேன். சோடா கரையும்போது சூடேறும் அல்லவா, அதனால் முதல் நாள் சாயங்காலம் அதில் கரைத்து வைத்து, ஆறவிட்டு, மறுநாள் காலையில் எடுத்து இரும்புக் கரைசலில் ஊற்றுவேன். குமிழைப் பார்த்து, சூட்டில் வருகிறது என்று நினைத்தேன். ஏழு தடவையும் அதே வாளி.

ஆக நீ கேட்டது சரிதான். நான்தான் கலந்தேன். வாளியில் பூசியிருந்த ஜிங்க்கைக் கலந்தேன், எனக்கே தெரியாமல். இதை உன் பரீட்சகரிடம் சொன்னால் "லேப் அசிஸ்டன்ட் வாளியில் செய்து கெடுத்தாள்" என்றுதான் எழுதுவார். இங்கே நான் தரப் பரிசோதனைப் பகுதியில் இருக்கிறேன். அந்தப் பேச்சு இங்கே வந்தால் என் கையெழுத்தை யார் நம்புவார்கள்? அதனால்தான் மூன்று நாள். ஆனால் உன் டிசம்பர் கண் முன்னே நிற்கிறது. எழுதிவிட்டேன். என்ன செய்யவேண்டுமோ செய்.

ஒன்றுதான் புரியவில்லை. நோட்டில் நான் வாளி என்று எழுதின ஞாபகம். நீ ஏன் கேட்கவில்லை?

தங்கமணி

*

பிரிக்பீல்ட்ஸ்
6 அக்டோபர் 1993

அன்புள்ள தங்கமணி அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் லேப்புக்கு ஓடினேன். நோட்டில் நாற்பத்தொன்றாம் பக்கம். உங்கள் உருண்டைக் கையெழுத்தில், மலாயில், "பால்டி" என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அதன் குறுக்கே சிவப்புக் கோடு. மேலே என் கையெழுத்தில் "ஐந்து லிட்டர் பீக்கர்."

இப்போது ஞாபகம் வருகிறது. "ஆய்வேட்டில் வாளி என்றெல்லாம் போட முடியாது அக்கா, மீன் மார்க்கெட் மாதிரி இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே அடித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். அந்தப் பக்கத்தை நம்பித்தான் பீக்கரில் நான்கு முறை செய்து, நான்கு முறையும் தோற்று, கடைசியில் உங்களைத் திருடி என்று கூப்பிட்டேன்.

கலந்தது நீங்கள் இல்லை அக்கா. மறைத்தது நான். கோடு நகர்ந்தால் நேராக்கினேன், வாளி இருந்தால் பீக்கராக்கினேன். அழகாக எழுதுகிறேன் என்று நினைத்து, இரண்டு தடவையும் விடையைத்தான் அடித்திருக்கிறேன். உங்கள் முன்னால் நின்று இதைச் சொல்ல எனக்கு முகம் இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "முதல்ல அந்தப் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேள், பிறகு சாப்பிடு" என்றார். கேட்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

இப்போது ஓர் உதவி. கையுறை செய்யும் ரப்பர் பாலில் ஜிங்க் எவ்வளவு என்று நீங்கள் தினமும் அளப்பதாக முன்பு சொல்லியிருக்கிறீர்கள். பழைய ஏழு குப்பியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஏழு பொட்டலம் கட்டி இத்துடன் அனுப்புகிறேன். எது எந்தக் குப்பி என்று எழுதவில்லை. க, ங, ச என்று மட்டும் போட்டிருக்கிறேன். உங்களுக்குப் பரீட்சை வைக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்துகொண்டு அளந்தாள் என்று நாளைக்கு ஒருவரும் வாய் திறக்கக்கூடாது, அதற்காகத்தான்.

அந்த வாளி இப்போது எங்கே?

குணா

*

கிள்ளான்
17 அக்டோபர் 1993

குணா,

அம்மாவிடம் சொல், சாப்பிடலாம் என்று.

கோபம் முழுசாகப் போகவில்லை. பாதிதான் போயிருக்கிறது. அந்த "மீன் மார்க்கெட்" பேச்சுக்கு நானும் சிரித்தேன் என்பது உண்மை. எனக்கும் வாளி என்று எழுத ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. நீ அடித்தபோது நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன். அதையும் சேர்த்துக்கொள்.

எங்கள் கெமிஸ்டிடம் அனுமதி வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அளந்தேன். இரும்பைப் பிரித்தெடுக்கத்தான் பெரும்பாடு. ஏழு பொட்டலத்திலும் ஜிங்க் இருக்கிறது. அதிகத்திலிருந்து குறைவு வரை வரிசை இதுதான்: ஞ, க, ட, ச, ண, ங, த. எண்கள் தனித் தாளில். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்தேன்.

வாளி கதை கேள். தனலெட்சுமி கடையில்தான் இருக்கிறது, உள்ளே மல்லிகைப்பூவும் மேலே ஈரத்துணியுமாக. தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இல்லை, அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. வாளி வேண்டும் என்றேன். "ஏன் அண்ணி, கிள்ளான்ல வேற வாளியே இல்லையா? யுனிவர்சிட்டிக்காரங்க வாளிக்குமா வழியில்லாம போயிட்டாங்க?" என்றாள். பூவை வேறு பாத்திரத்தில் கொட்டி, வாளியைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே பாதி உயரத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்கு மேலே இன்னும் வெள்ளையாகப் பளபளக்கிறது. கீழே முழுக்கத் துரு. எந்த உயரம் வரை நான் சோடா ஊற்றினேனோ அந்த உயரம்! ஏழு தடவையில் ஜிங்க் தீர்ந்துவிட்டது, குணா. அதனால்தான் உன் எண் குறைந்துகொண்டே போனது. எனக்கு அலுத்துப்போனதால் இல்லை.

இந்த வாளியை வைத்து இனி ஒன்றும் செய்ய முடியாது. அவள் அதை வாங்கின பாத்திரக் கடையிலேயே அதே மாதிரி புதுசு ஒன்று வாங்கினேன். பழசையும் புதுசையும் சேர்த்துக் கட்டி, சனிக்கிழமை உன் லேப்புக்கு நானே கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன். உள்ளே வரமாட்டேன். மீதிப் பாதி கோபம் இருக்கிறதே.

ஒரே ஒரு நிபந்தனை. எழுதினால் வாளி என்று எழுது.

தங்கமணி

*

பிரிக்பீல்ட்ஸ்
24 நவம்பர் 1993

அன்புள்ள தங்கமணி அக்கா,

வேண்டுமென்றேதான் இத்தனை நாள் எழுதவில்லை. எண்கள் கைக்கு வரட்டும் என்று இருந்தேன்.

முதலில் உங்கள் வரிசை. ஞ, க, ட, ச, ண, ங, த. நான் என் இரகசியத் தாளைப் பிரித்து வைத்துப் பார்த்தேன். முதல் குப்பி, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. ஒன்றுகூட மாறவில்லை! டாக்டர் ராதாகிருஷ்ணன் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். பிறகு, "இதை அளந்தது யார்?" என்றார். உங்கள் பெயரைச் சொன்னேன். "நம்ம தங்கமணியா!" என்றார். முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

புது வாளியில் செய்த பொடி எழுபத்தைந்து. பிறகு வாளியே இல்லாமல், பிளாஸ்டிக் பாத்திரத்தில், ஜிங்க் உப்பை அளந்து போட்டுச் செய்தேன். கொஞ்சம் போட்டால் அறுபத்தேழு. இன்னும் போட்டால் எழுபத்தாறு. இன்னும் போட்டால் எண்பத்தொன்று! அதற்கு மேல் போனால் சரசரவென்று இறங்கிவிட்டது. கடைசிக் குப்பியைக் காந்தத்தின் பக்கத்தில் பிடித்தேன், பொடி அசையவே யோசித்தது. எக்ஸ்-ரே கோடுகளும் ஜிங்க் கூடக் கூட இடப்பக்கம் அடியடியாக நகர்கின்றன. இந்த முறை ஒன்றையும் நேராக்கவில்லை.

ஜிங்க் காந்தமே இல்லையே, அதைப் போட்டால் காந்தம் எப்படிக் கூடும் என்று நீங்கள் கேட்பீர்கள். பள்ளி விளையாட்டு நாளில் கயிறு இழுப்போமே, அதுபோலத்தான். துகளுக்குள் இரும்பு அணுக்கள் இரண்டு கட்சியாக நின்று எதிரெதிராக இழுக்கின்றன. ஒரு கட்சியில் ஆள் அதிகம், அது ஜெயிக்கிறது. மிஞ்சிய இழுவைதான் நாம் அளக்கிற காந்தம். ஜிங்க் வந்தால் தோற்கிற கட்சியில் போய் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, கயிற்றைத் தொடாமல் சும்மா நிற்கிறது. எதிர் இழுவை குறைகிறது, ஜெயிக்கிற கட்சி இன்னும் பலமாக ஜெயிக்கிறது. ஆனால் அங்கே நிறையப் பேர் சும்மா நின்றுவிட்டால், எதிரே இழுக்க ஆளில்லாமல் ஜெயிக்கிற கட்சியும் வரிசை கலைந்துவிடுகிறது. அதுதான் கடைசிக் குப்பி.

இது வேறு இடங்களில் பெரிய காந்தக் கட்டிகளில் தெரிந்த விஷயம்தான். இவ்வளவு சிறிய துகளில், இவ்வளவு எளிய முறையில், படிப்படியாக அளந்தது நம்முடையது.

ஒரு சிறு சண்டையும் நடந்தது. "வாளி என்று போடாதே, தூய்மையற்ற பாத்திரம் என்று போடு" என்றார் டாக்டர். அந்தப் பாத்திரம் தூய்மையாகத்தான் இருந்தது என்றேன். ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியைத் திருத்திவிட்டேன். அதைக் கட்டுரையாக அனுப்பும்போது இரண்டு பெயர் போகும் என்றும் சொன்னேன். உதவியாளர் பெயரைப் போடும் வழக்கம் இல்லை என்றார். அப்படியானால் ஜிங்க்கை அளந்த பகுதியை எடுத்துவிடுகிறேன், பரீட்சகர் கேட்டால் நீங்கள் பதில் சொல்லுங்கள் என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. அவர், "சரி, என்னுடையதையும் சேர்த்து மூன்று பெயராகப் போடு" என்றார்.

இன்னும் பதினாறு நாள்.

குணா

*

பிரிக்பீல்ட்ஸ்
11 டிசம்பர் 1993

அக்கா,

தேறிவிட்டேன்! சில திருத்தங்களோடு.

பழைய வாளியை மேசை மேல் வைத்துத்தான் பேசினேன். பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றி உள்ளே குனிந்து, அந்தத் துருக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். "நோட்டில் பீக்கர் என்று திருத்தியது யார்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். ஏன் என்றார். வாளி என்று எழுத வெட்கமாக இருந்தது என்றேன். அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. "இனி வெட்கப்படாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் உங்களுக்கு போன் செய்யக் கை போனது. இனி கத்தமாட்டீர்களா என்று தெரியாததால் எழுதுகிறேன். கட்டுரையின் பிரதி இத்துடன். அனுப்புவதற்கு முன் நீங்கள் படிக்கவேண்டும். உங்கள் பெயர் இரண்டாவது.

குணா

*

கிள்ளான்
16 டிசம்பர் 1993

அன்புள்ள குணா,

கடிதத்தை வாசலில் நின்றபடியே பிரித்தேன். தேறிவிட்டேன் என்ற வரியைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு பக்கிரிசாமி அண்ணே என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார். என் பெயரைக் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் நல்லா இருக்கு என்றார்.

தனலெட்சுமிக்கும் காட்டினேன். "அதெல்லாம் சரி அண்ணி, என் வாளி எப்ப வரும்?" என்கிறாள். புதுசைக் கொடுத்துவிடு. பழசு உன்னிடமே இருக்கட்டும்.

கட்டுரை முழுக்கப் படித்தேன். இரண்டு தடவை. எண்கள் எல்லாம் சரி. ஓர் இடத்தில்தான் பிழை. "பன்னிரண்டு லிட்டர் வாளி" என்று எழுதியிருக்கிறாய். அது பதினான்கு லிட்டர். நான் எத்தனை தடவை நிரப்பியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கத்தைத் திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சிவப்புப் பேனாவால்தான். அதற்கென்றே கடைக்குப் போய் ஒன்று வாங்கினேன்.

மீதிக் கோபமும் அந்த ஒரு கோட்டோடு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. பஸ் ஏறுவதற்கு முன் போன் பண்ணு. நம்பர் அதேதான்.

தங்கமணி